இருக்கும் பித்தளையில் இல்லாத தோட்டா: அமெரிக்க வைல்ட்கேட்டின் வரலாறு

1963இல் அமெரிக்காவின் பிரவுனிங் நிறுவனம் ஒரு வேட்டைத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது சுடும் .22-250 தோட்டாவைப் பெரிய ஆலை எதுவும் அப்போது செய்யவில்லை. துப்பாக்கியை வாங்கியவர் .250 சாவேஜ் என்னும் வேறொரு தோட்டாவின் பித்தளை உறையை எடுத்து, அதன் கழுத்தை அச்சில் நெருக்கிச் சிறுக்கி, மருந்திட்டு, குண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும். யாரும் இதைக் குறையாக எண்ணவில்லை. 1937 முதல் அந்தத் தோட்டா அப்படித்தான் உயிரோடு இருந்தது. ரெமிங்டன் ஆலை அதைத் தன் பட்டியலில் சேர்த்தது 1965இல்தான்.

ஆலையின் அங்கீகாரம் இல்லாமல், தனியாட்களும் துப்பாக்கித் தச்சர்களும் உருவாக்கும் இத்தகைய தோட்டாவுக்கு வைல்ட்கேட் என்று பெயர். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குண்டின் வேகத்தைச் சுற்றியே நடக்கும். வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: எந்தக் காலத்தில் எந்த உறை மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்ததோ, அந்தக் காலத்தின் வைல்ட்கேட்டுகள் அந்த உறையிலிருந்தே பிறந்தன. துப்பாக்கியின் குழலை ஒரு தச்சர் தம் கடைசல் பட்டறையில் வேண்டிய அளவுக்குக் குடைந்துவிடலாம். உறை அப்படியல்ல. பித்தளை வில்லையைப் பல கட்டங்களில் இழுத்து நீட்டிக் குவளையாக்க ஆலையின் பெரிய அழுத்து இயந்திரங்கள் வேண்டும். ஆகவே, இருப்பதை எடுத்து மாற்றுவது ஒன்றே வழி.

அந்த மாற்றத்துக்குப் பித்தளை இடம் கொடுக்கிறது; ஓர் எல்லை வரைதான். தோட்டாப் பித்தளையில் செம்பு 70 விழுக்காடு, துத்தநாகம் 30 விழுக்காடு. நெருக்க நெருக்க அது இறுகும், உள்ளே இழுவிசை தேங்கும், கடைசியில் விரிசல் விடும். இந்தப் பாடத்தின் ஒரு பகுதி இந்தியாவில் கற்றது. பிரிட்டிஷ் இராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் உறைகள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில் விரிசல் விட்டிருந்தன. குதிரையின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், ஆலையில் இழுத்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் கூடிச் செய்த வேலை அது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் 1921இல் விளக்கினார்கள். தீர்வு எளியது: கழுத்தை மிதமாகக் காய்ச்சி இறுக்கத்தைத் தளர்த்துவது. வைல்ட்கேட் செய்வோருக்கும் இதுவே அடிப்படைப் பாடமானது. ஆனால் சூடு கழுத்தோடு நிற்க வேண்டும். அடிப்பாகம் இளகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்காது. சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

முதல் பெரிய அலை .30-06 உறையிலிருந்து கிளம்பியது. அமெரிக்க இராணுவம் 1906இல் ஏற்ற இந்தத் தோட்டாவின் அடிவட்டம் ஏறத்தாழ 12 மி.மீ.; ஜெர்மனியின் 1888ஆம் ஆண்டுத் தோட்டாவிலிருந்து வழிவழியாக வந்த அளவு. முதல் உலகப் போர் முடிந்தபோது இந்த உறைக்குப் பஞ்சமே இல்லை. 1920 வாக்கில் அடால்ஃப் நீட்னர் அதன் கழுத்தை .25 குண்டுக்கு ஏற்பச் சிறுக்கினார். 1922இல் ஜேம்ஸ் ஹோ எதிர்த்திசையில் போய், கழுத்தை .35 குண்டுக்கு விரித்து, தம் நண்பரும் எழுத்தாளருமான கர்னல் டவுன்சென்ட் வீலனின் பெயரை அதற்கு இட்டார். நீட்னரின் குழந்தை 1969இலும், ஹோவின் குழந்தை 1988இலும் ரெமிங்டன் முத்திரை பெற்றன. அறுபத்தாறு ஆண்டு காத்திருப்பு! ஆலைகள் எவ்வளவு நிதானமாக நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

சிறுக்குவதிலும் விரிப்பதிலும் சிக்கல்கள் வேறு வேறு. சிறுக்கினால் உலோகம் திரண்டு கழுத்துச் சுவர் தடிக்கும். அதைச் சீவி மெலிதாக்காமல் விட்டால், சுடும்போது கழுத்து விரிய இடமின்றிக் குண்டை இறுகப் பிடிக்கும். அழுத்தம் தாறுமாறாக ஏறும். விரித்தாலோ, கழுத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தோள் சிறுத்துப்போகும். .35 வீலனில் அந்தத் தோள், துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையில் ஒழுங்காக முட்டி நிற்குமா என்ற வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது.

மூன்றாவது வழியைப் பரப்பியவர் பார்க்கர் ஓட்டோ ஆக்லி. கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தச்சு கற்பித்தவர். அவர் உறையைத் தொடவில்லை, அறையை மாற்றினார். உடலின் சரிவைக் குறைத்து, தோளைப் பெரும்பாலும் 40 பாகைக்கு நிமிர்த்தி அறையைக் குடைந்தார். அதில் சாதாரண ஆலைத் தோட்டாவைச் சுட்டால், அந்த அழுத்தமே பித்தளையைப் புதிய வடிவுக்கு உப்பவைத்துவிடும். ஊரில் தோட்டா தீர்ந்தாலும் பக்கத்துக் கடையின் சாதாரணத் தோட்டாவைக் கொண்டே வேட்டையை முடிக்கலாம் என்பதுதான் இதன் உண்மையான கவர்ச்சி. வேக லாபத்தைப் பொறுத்தவரை, சரிவு மிகுந்த பழைய உறைகளில் அது கண்ணுக்குத் தெரியும்; .30-06 போன்றவற்றில் சொற்பமே.

சில நேரம் சட்டமே தாயாகிவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இராணுவ அளவுத் தோட்டாக்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளோ மலிவாகக் குவிந்து கிடந்தன. .303 உறையின் கழுத்தை .25க்குச் சிறுக்கினார்கள், சட்டத்துக்கும் பங்கமில்லை, கங்காருவும் தப்பவில்லை.

பனிப்போர்க் காலத்து எல்லைகளைத் தாண்டிய கதையும் உண்டு. கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் 7.62×39 உறையைச் சோவியத் நாட்டிலேயே சிறுக்கி .220 ரஷ்யன் என்ற வேட்டைத் தோட்டாவை ஆக்கியிருந்தார்கள். பின்லாந்தின் சாகோ ஆலை அதற்கு உயர்தர உறை செய்தது. 1975இல் மருத்துவர் லூயி பால்மிசானோவும் கருவித் தச்சர் ஃபெரிஸ் பிண்டெலும் அந்த உறையின் தோளை முன்தள்ளி 6 மி.மீ. பிபிசி (PPC) தோட்டாவை உருவாக்கினார்கள். மேசையில் தாங்கிவைத்துக் குறிசுடும் போட்டிகளை அது ஆளத் தொடங்கியது. பரபரப்பான போர்க்களத்துக்கென்று பிறந்த உறை, உலகின் மிகத் துல்லியமான போட்டித் தோட்டாவுக்குத் தாயானது. தன் உறையே இப்படிப் புகழ் பெற்றதைக் கண்ட சாகோ, பின்னாளில் பிபிசி தோட்டாக்களையும் துப்பாக்கிகளையும் செய்து விற்றது.

அண்மைக் காலத்தில் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பது .223 உறை. இராணுவப் பயிற்சிக் களங்களில் மூட்டை மூட்டையாகச் சேரும் அதைத் தோளுக்குக் கீழே அறுத்து, உடலின் ஒரு பகுதியையே கழுத்தாக்கினால் .300 பிளாக்அவுட் கிடைக்கும். ஜே.டி. ஜோன்ஸின் விஸ்பர் என்னும் வைல்ட்கேட்டே இதற்கு முன்னோடி. பிளாக்அவுட் 2011இல் தரப்படுத்தப்பட்டது. ஆலையில் புதிய உறை கிடைத்த பின்பும் அறுப்பது நிற்கவில்லை. பழையது அவ்வளவு மலிவு. உடற்சுவரின் தடிமன் ஆலைக்கு ஆலை மாறும் என்பதால், எந்த அடிமுத்திரை கொண்ட உறை அறுக்கத் தகுந்தது, எது கழுத்து தடித்துக் கெடுக்கும் என்று பட்டியல் எழுதிக் கைமாற்றிக்கொள்கிறார்கள்.