தமிழைக் கணினி கற்ற வரலாறு: இலக்கண விதி முதல் பேச்சுப் பதிவு வரை

கணினிக்கு மனித மொழியைக் கற்பிக்கும் தொடக்ககாலப் பெரும் முயற்சிகள் மொழிபெயர்ப்பை முன்னிட்டே எழுந்தன. 1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் வைத்து அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. அதனால் பெருகிய நம்பிக்கையை இயந்திர மொழிபெயர்ப்பை மதிப்பிட்டு 1966இல் வெளிவந்த அல்பாக் அறிக்கை தணித்தது. ஆயினும் விதிகளை எழுதிக் கொடுக்கும் முறை கைவிடப்படவில்லை. தமிழ் இத்துறைக்குள் நுழைந்ததும் அந்த வழியில்தான்.

1990களில் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள் கொண்ட தமிழ்த் தரவகத்தைத் தொகுத்தது. ஐஐடி கான்பூரில் உருவான அனுசாரகா மொழிபெயர்ப்பு முறையைப் பின்பற்றி, சென்னை குரோம்பேட்டையிலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையம் தமிழ்–இந்தி மொழிபெயர்ப்பில் இறங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் உருபனியல் பகுப்பான்கள் உருவாயின.

பகுப்பானின் வேலை எளிதன்று. ‘லாரிக்காரரிடமிருந்துதான்’ என்ற ஒரே சொல்லை லாரி, காரர், இடமிருந்து, தான் என்று பிரிக்க வேண்டும். இடையில் மிகுந்த ‘க்’கை நீக்கவும் வேண்டும். தமிழ் வினைச்சொல் ஒன்று எடுக்கும் வடிவங்கள் ஆயிரக்கணக்கில் பெருகுவதால் அனைத்தையும் அகராதியில் அடக்க முடியாது. தமிழ்க் கணிமையின் உறுதியான அடித்தளம் இக்காலத்தில்தான் இடப்பட்டது எனலாம். இந்த மரபு அறுந்துபோகவும் இல்லை: 2021இல் இலங்கை ஆய்வாளர் க. சர்வேஸ்வரனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ‘தமிழிமார்ப்’ பகுப்பான் அதன் தொடர்ச்சியே.

பொருளை அறிவதில் விதிகள் தடுமாறின. ‘நாமக்கல்லில் முட்டை விலை இறங்கியது’, ‘நாமக்கல்லில் பேருந்திலிருந்து இறங்கினார்’ என்னும் இரண்டிலும் வினைப்பகுதி ஒன்றே, பொருள் வேறு. அருகில் நிற்கும் சொற்களைக் கொண்டே அதைத் தெளிய முடியும். ஆகவே பெருந்தொகையான எழுத்திலிருந்து சொற்களின் சேர்க்கையைக் கணக்கிடும் புள்ளியியல் முறை மேலெழுந்தது. 2011 ஜூனில் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. அக்காலத்தில் பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ் வாக்கிய மரத் தொகுப்பில் (சொற்களின் இலக்கண உறவு குறிக்கப்பட்ட வாக்கியங்கள்) இருந்தவை 600 வாக்கியங்கள் மட்டுமே. இத்தனை பழைய இலக்கியமுடைய மொழிக்கு இது மிகக் குறைவு.

2017இல் அறிமுகமான டிரான்ஸ்பார்மர் என்னும் நரம்பணு வலைக் கட்டமைப்பு, சொல்லை அதன் சூழலோடு சேர்த்துப் படிக்கும் திறனைக் கூட்டியது. இதிலும் தமிழுக்கு ஒரு பாரம் உண்டு. ‘சேலம்’ என்பது வாசிப்பவருக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். ஊர்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 5 பைட்டுகளே போதும். ஆங்கிலத்தை மையமாக வைத்து எழுத்தைத் துண்டாக்கும் மொழி மாதிரிகளில் தமிழ் வாக்கியம் கூடுதல் துண்டுகளாகச் சிதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மாதிரிகளுக்கு மனிதர் குறியிட்ட தரவு தேவை. 2008இல் ஸ்ரீதர் மிட்டா உள்ளிட்டோர் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம், சேலத்திலும் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலும் இத்தகைய பணிக்கு மையங்கள் அமைத்தது. படத்தில் உள்ளது என்ன, வாக்கியம் கேட்பது எதை என்று ஊழியர் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். அந்தத் தீர்ப்புகளைப் பார்த்தே இயந்திரம் கற்கிறது. சிற்றூர்ப் பட்டதாரிகளின் இவ்வுழைப்பு இத்துறையின் வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டும்.

பேச்சுமொழி இன்னொரு நிலை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ‘வந்துட்டேனுங்க’ என்பது அன்றாட வழக்கு; எழுத்துத் தமிழுக்கு அமைந்த பகுப்பான் அதில் ‘வந்துவிட்டேன்’ என்பதையும் மரியாதை விகுதியையும் காணாது. கொல்லிமலைத் தமிழைப் பற்றி 1971இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கி. கருணாகரனின் ஆய்வை வெளியிட்டது. ஆனால் அத்தகைய கள ஆய்வுகள் தாமாகவே கணினித் தரவு ஆகிவிடுவதில்லை. 2020இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கருத்துரைகளுக்கு உணர்வுக் குறியிட்ட தொகுப்பு வந்தது. 2024இல் ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பை வெளியிட்டது: தமிழ் உட்பட 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரப் பதிவு. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, எழுதி வைத்ததை வாசிக்காமல் மக்கள் தம்போக்கில் பேசியது.