புக்கிட் பிரவுன் சீனர் இடுகாடு: காணாமற்போன முன்னோர் கல்லறைகளும் அவற்றைத் தேடும் நெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர் கல்லறைகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் இருப்பிடத்தை வழித்தோன்றல்கள் அறியார். ஒரு கல்லறை எவ்வாறு ‘காணாமற்போகிறது’, அதனைத் தேடுவோர் எச்சான்றுகளை எவ்வாறு பொருத்திப் பார்க்கின்றனர், அத்தேடலில் யாருடைய கல்லறைகள் கண்டடையப்படாமலேயே போகின்றன ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புக்கிட் பிரவுன், இடுகாடு, அடக்கப் பதிவேடு, கல்லறைப் பொறிப்பு, குடும்ப வரலாறு.

முன்னுரை

சாசனங்களையும் நடுகற்களையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வு, அண்மைக்கால இடுகாடுகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆயினும், தம் பெயரில் வேறு எழுத்துச் சான்று எதனையும் விட்டுச் செல்லாத எளிய மக்களுக்குக் கல்லறைப் பொறிப்பே ஒரே ஆவணமாக அமைவதுண்டு. அவ்வாவணம் அழியும்போது ஒரு குடும்பத்தின் வரலாறும் உடனழிகிறது. சாலைக்காக இடுகாட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்ட புக்கிட் பிரவுனில் இவ்வுண்மை வெளிப்படையாகப் புலப்பட்டது.

இடுகாட்டின் தோற்றமும் மாற்றமும்

‘புக்கிட்’ என்னும் மலாய்ச் சொல் குன்றினைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியில் நிலம் கொண்டிருந்த பிரித்தானிய வணிகர் ஜார்ஜ் ஹென்றி பிரவுன் பெயரால் இக்குன்று வழங்கப்பட்டது. 1872இல் ஹொக்கியன் மொழி பேசும் ஓங் குலத்தார் இந்நிலத்தைப் பெற்றனர். அக்காலத்தில் சீனரின் இடுகாடுகள் குலம், ஊர், கிளைமொழி ஆகியவற்றின் அடிப்படையில் தனித்தனியே இயங்கின. ஒரு சங்கத்தைச் சாராதவர்க்கு அடக்க இடம் கிடைப்பது அரிதாயிற்று. இக்குறையைப் போக்க, நகராட்சி 1919இல் நிலத்தின் ஒரு பகுதியைக் கையகப்படுத்தி, 1922ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் எல்லாச் சீனர்க்கும் உரிய பொது இடுகாடாகத் திறந்தது. 1973இல் இது மூடப்பட்டது.

2011இல் இடுகாட்டின் ஊடே எட்டு வழிச் சாலை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2012இல் வெளியான அறிவிப்பு 3,746 கல்லறைகள் அகற்றப்படும் எனக் குறிப்பிட்டது. உரிமை கோரப்படாத எச்சங்கள் எரியூட்டப்பட்டு, குறிப்பிட்ட காலம் பாதுகாக்கப்பட்ட பின் கடலில் கரைக்கப்படும் என்பது நடைமுறை. எனவே, அதுவரை ஓய்வுநேரத் தேடலாக இருந்தது, காலக்கெடு கொண்ட கடமையாக மாறியது. மானிடவியலாளர் ஹுய் இயூ ஃபூங் தலைமையில் அகற்றப்படவிருந்த கல்லறைகள் ஆவணப்படுத்தப்பட்டன. 2014ஆம் ஆண்டிற்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலிலும் புக்கிட் பிரவுன் இடம்பெற்றது. லார்னி நெடுஞ்சாலை என்னும் அச்சாலை 2018இல் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது.

காணாமற்போதல் என்பதன் பொருள்

ஒரு கல்லறை மூன்று இடங்களில் பதிவாகியிருக்கிறது: அலுவலகப் பதிவேட்டில், கல்லில், குடும்ப நினைவில். இம்மூன்றிற்கும் இடையிலான தொடர்பு அறுபடுவதே காணாமற்போதலாகும். கல்லறை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. செல்வச் செழிப்பும் இதற்கு அரணாவதில்லை. ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்புடையதும், பெற்றோர்ப் பேணலின் இருபத்து நான்கு முன்னுதாரணங்களைச் சிற்பமாகக் கொண்டதுமான ஓங் சாம் லியோங் கல்லறையே புதர்களால் மூடுண்டு கிடந்து, பின்னரே மீண்டும் அறியப்பட்டது. இத்தகைய மீட்பில் ரேமண்ட் கோ, சார்லஸ் கோ சகோதரர்களின் களப்பணி குறிப்பிடத்தக்கது.

பதிவேட்டுச் சான்று

1922 முதல் 1972 வரையிலான அடக்கப் பதிவேடுகளைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் எண்மமாக்கி இணையத்தில் வழங்குகிறது. பெயர், வயது, அடக்க நாள், புதைகுழி எண் முதலியன அவற்றில் உள்ளன. ஆயினும் இங்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. பதிவேடு உரோமன் எழுத்தில் அமைந்தது. கல்லோ சீன எழுத்தில் அமைந்தது. ஒரே குடும்பப் பெயரை ஹொக்கியன் மொழியினர் ‘டான்’ என்றும் கேண்டனியர் ‘சான்’ என்றும் ஒலிப்பர். மறுதலையாக, அரசன் எனப் பொருள்படும் எழுத்தையும் மஞ்சள் எனப் பொருள்படும் எழுத்தையும் கேண்டனியர் ஒரேவகையில் ‘வோங்’ என்பர். செய்தி சொன்னவரின் கிளைமொழியும் எழுதியவரின் செவியுமே எழுத்துக்கூட்டலை முடிவு செய்தன. ஆகவே ஒரு பெயரை அதன் ஒலி வேறுபாடுகள் அனைத்திலும் தேடுதல் வேண்டும்.

கல்லின் சான்று

பொறிப்பின் நடுவரிசை இறந்தவரின் பெயரைத் தரும். அதன் மேற்புறத்தில் பெரும்பாலும் சீனாவிலுள்ள பூர்விக ஊர் அல்லது மாவட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் மகன், மகள், பேரர் பெயர்கள் வரிசையாக இடம்பெறும். இறந்தவரின் பெயரைவிட இவ்வழித்தோன்றல் பட்டியலே பல வேளைகளில் உறுதியான அடையாளமாகிறது. ஏனெனில், சீன ஆடவர் ஒருவர்க்கு இளமைப் பெயர், வழக்குப் பெயர், இறந்தபின் சூட்டப்படும் பெயர் எனப் பல பெயர்கள் இருத்தல் கூடும். குடும்பத்தார் அறிந்த பெயர் கல்லில் இல்லாமல் போகலாம். ஆனால் மக்கள் பெயர்கள் பொய்ப்பதில்லை.

ஆண்டுக் குறிப்பும் கணக்கிட்டு அறியவேண்டியதே. சீனக் குடியரசு ஆண்டுடன் 1911ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும்; குடியரசு 17 என்பது 1928 ஆகும். சப்பானிய ஆட்சிக்காலக் கற்கள் சிலவற்றில் சப்பானியப் பேரரசின் ஆண்டுமுறை காணப்படுகிறது. அம்முறையில் 2602 என்பது 1942ஐக் குறிக்கும். கல்லிலுள்ள நாள் சந்திர நாள்காட்டியைச் சார்ந்ததாயின், பதிவேட்டு நாளுடன் நேராக ஒப்பிட்டு ‘பொருந்தவில்லை’ எனத் தள்ளிவிடுதல் பிழையாகும்.

நினைவின் சான்று

சிங் மிங் நாளில் முன்னோர் கல்லறையைத் தூய்மை செய்து, மேட்டின்மீது வண்ணத்தாள்களைப் பரப்பிவிட்டு வருதல் மரபு. கவனிப்பார் உண்டு என்பதற்கு அத்தாள்களே அடையாளம். வழியறிந்த மூத்தவர் ஒருவர் மறைந்ததும் இவ்வழக்கம் நின்றுவிடுவதுண்டு. அந்நிலையில், வீட்டிலோ கோயிலிலோ உள்ள முன்னோர் பெயர்ப்பலகை கைகொடுக்கிறது. சில பலகைகளின் உட்பகுதியில் பிறந்த, இறந்த நாள்கள் எழுதப்பட்டிருக்கும். இறந்த நாள் தெரிந்தால் பதிவேட்டில் தேடவேண்டிய பக்கங்கள் சுருங்கும்; பதிவேட்டால் புதைகுழி எண் கிடைக்கும்; எண் பொறித்த சிறுகல் நிலத்தில் இடத்தைக் காட்டும்; இறுதியில் கல்லறைப் பொறிப்பிலுள்ள மக்கள் பெயர்கள் அம்முடிவை உறுதிசெய்யும். இவற்றுள் ஒன்று மட்டும் பொருந்தினால் அது கருதுகோளே. இரண்டேனும் தனித்தனியே பொருந்தினாலன்றி அதனை முடிவாகக் கொள்ளலாகாது. தவறான கல்லறையை முன்னோருடையதென ஏற்று அகழ்ந்தெடுத்தால், அப்பிழை இரு குடும்பங்களைப் பாதிக்கும்.

கண்டடையப்படாதோர்

இந்நெறிக்கும் எல்லை உண்டு. அது கல் நாட்டும் வசதியும் பெயர் பொறிக்க மக்களும் உடையோர்க்கே முழுமையாகப் பயன்படுகிறது. திருமணமான பெண்ணின் இயற்பெயர் விடுபட்டு, பிறந்த குலப்பெயர் மட்டுமே கல்லில் எஞ்சுவதும் உண்டு. வறியோர் பகுதியில் அடக்கமானவர்களுக்குப் பொறிப்பே இல்லாமற் போகலாம். அவர்களைப் பொறுத்தவரை பதிவேட்டின் ஒற்றை வரியே எஞ்சிய வரலாறு. எனவே, பதிவேட்டைக் கல்லறைக்கு வழிகாட்டும் துணைக்கருவியாக மட்டும் கருதாமல், அதனையே முதன்மை ஆவணமாகப் பதிப்பித்தல் வேண்டும்.

முடிவுரை

புக்கிட் பிரவுன் தரும் செய்தி சீனர்க்கு மட்டும் உரியதன்று. கிறித்தவர், இசுலாமியர், இந்துக்கள் ஆகியோர் அடக்கம் செய்யப்பட்ட பிடாடரி இடுகாடும் அதே நகரில் அகற்றப்பட்டது. புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை எழுதுவோர்க்கும் பதிவேட்டுப் பெயரின் எழுத்துக்கூட்டல், பூர்விக ஊர், வழித்தோன்றல் பட்டியல் ஆகியவற்றைப் பொருத்தும் இம்முறை பயன்படும். இடுகாடு இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும். அகற்றல் அறிவிப்பு வந்தபின் தொடங்கும் ஆய்வு, எஞ்சியதை மட்டுமே பதிவுசெய்ய இயலும்.