ஆண்மைக்கு அளவுகோல் உண்டா?

ஆண்மை என்பது புட்டியில் அடைத்து விற்கத்தக்க சரக்கு என்ற எண்ணம் மிகப் பழையது. புறக்கோட்டை மருந்துக் கடைகளில் லேகியம் தேடுவோரிடம் மட்டுமன்றி, 1889இல் பாரிஸில் விலங்குகளின் விதைச் சாற்றைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்ட பேராசிரியர் பிரவுண் செக்காரிடமும் அவ்வெண்ணமே குடிகொண்டிருந்தது. விஞ்ஞானத்தின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

1849இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேர்தோல்ட் என்பார், விதை நீக்கிய சேவல்களின் வயிற்றில் விதையைப் பதித்துப் பார்த்தார். நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் கொண்டை வாடவில்லை, கூவலும் குன்றவில்லை. இரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று செல்கிறது என்பது புலனாயிற்று. அதனை 1935இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் காளையின் விதையிலிருந்து பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டெரோன் எனப் பெயரிட்டனர்.

அது கலத்தினுள் என்ன செய்கிறது? விடை 1960களின் இறுதியில்தான் துலங்கலாயிற்று. ஓமோன் தனித்து எதையும் சாதிப்பதில்லை. கலத்தினுள் காத்திருக்கும் ஏற்பி என்னும் புரதத்துடன் அது இணைகிறது. இணைந்த ஏற்பி கருவினுள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் குறித்த இடங்களைப் பற்றுகிறது. சில பரம்பரை அலகுகள் விழித்தெழுகின்றன, சில அடங்குகின்றன. ஓமோன் கடிதம் என்றால், ஏற்பியே அதனை வாசிப்பவர். வாசிப்பார் இல்லாத வீட்டில் கடிதம் வெறும் காகிதமன்றோ? ஏற்பி முற்றாகச் செயலற்ற உடலில், எக்ஸ், வை நிறமூர்த்தங்களும் நிறைந்த ஓமோனும் இருந்தபோதிலும், புறவடிவம் பெண்ணுருவாகவே அமைகிறது. இவ்வேற்பியை ஆக்கும் பரம்பரை அலகு 1988இல் பிரித்தறியப்பட்டது. அது இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். ஆகவே ஆண்மகன் அதனைத் தன் தாயிடமிருந்தே பெறுகிறான்! பெண்ணுடலும் இதே ஓமோனைச் சுரக்கிறது.

இத்துணைச் சிக்கலான உண்மையை ஒற்றைப் பரிசோதனையால் அளந்து தீர்ப்புக் கூறலாமா? 2006இல் டோகா ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர், புதுக்கோட்டை மாவட்டச் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்தரராஜன். பால் பரிசோதனையின் பேரில் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது அந்தரங்கம் ஊரறியக் கடைவிரிக்கப்பட்டது. ஒடிசா நெசவாளர் மகள் டூட்டி சந்த், 2014இல் ஓமோன் அளவின் பேரில் விலக்கப்பட்டார். அவர் அடங்கிவிடவில்லை, வழக்காடினார். 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் போதிய சான்றில்லை எனக் கூறி, அவ்விதியை இடைநிறுத்தியது. எனினும் 2018இல் சில ஓட்டங்களுக்கு ஓமோன் எல்லை மீண்டும் விதிக்கப்பட்டது. 2025இல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்குப் பரம்பரை அலகுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது.

போட்டியில் நேர்மை வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுகூடம் நூற்றாண்டுக்கு மேலாக விரித்துக் காட்டிய உண்மையை ஒற்றை விடையாகச் சுருக்கும்போது, அதன் பாரம் சூளையிலும் தறியிலும் பிறந்த பெண்களின் தலையில் விழுந்ததைக் கண்டோம். வகுப்பறையில் ஓமோனைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் சேர்த்தே கற்பிப்பாராக.