அடுப்பு எரியாத வீடுகள்



மரணம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரும் அறிந்த வழக்கம் இது. அன்று அண்டை வீட்டார் சோறு சமைத்துக் கொண்டு வந்து, "ஒரு வாயாவது சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவர். துயருற்ற குடும்பத்தை எவ்வாறு தாங்க வேண்டும் என்னும் பாடம் இந்த எளிய வழக்கத்துக்குள் அடங்கியுள்ளது. அப்பாடத்தை இஸ்லாமிய வரலாற்றிலும், நம் கடலூர் மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் காண்போம்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் (கி.பி. 629) மூத்தா என்னுமிடத்தில் நடந்த போரில், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் மகனார் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். அச்செய்தியை அவர்களுடைய துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்குத் தெரிவிக்க நபியவர்கள் வேறெவரையும் அனுப்பவில்லை, தாமே சென்றார்கள். ஜஅஃபரின் பிள்ளைகளை அழைத்து அணைத்துக் கொண்டார்கள். அப்போது அவர்களின் கண்கள் கலங்கின. அதைக் கண்டே அஸ்மா (ரலி) செய்தியைப் புரிந்துகொண்டார்கள்.

பின்னர் நபியவர்கள் தம் இல்லத்தாரிடம், ஜஅஃபரின் குடும்பத்துக்கு உணவு தயாரிக்குமாறு கூறினார்கள். அவர்களை ஆட்கொண்ட துயரம் வேறெதையும் கவனிக்க விடாது என்பதே அதற்குச் சொன்ன காரணம். மூன்று நாட்கள் கழித்து மீண்டும் வந்து, பிள்ளைகளை அழைத்து, நாவிதரை வரவழைத்து அவர்களின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். தந்தையற்றுப் போன பிள்ளைகளின் நிலையை எண்ணி அஸ்மா (ரலி) கலங்கியபோது, அவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் பொறுப்பாளர் தாமே என்று உறுதியளித்தார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் உடனிருப்பு, அடுத்து உணவு, அதன்பின் பிள்ளைகளின் எதிர்காலம். துயரத்தின் முதல் நாளில் நீண்ட உபதேசத்துக்கு இடமே இல்லை.

துயருற்றவருக்கு முதல் தேவை சோறு என்பதை நம் மாவட்டத்து மண்ணும் அறியும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசித்தவர் எவராயினும் குலமோ சமயமோ கேளாமல் உணவளிப்பதே அதன் நோக்கம். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

அதே மாவட்டத்தின் கடற்கரையில், ஒரே காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவை ஒட்டிய கடலடியில் எழுந்த நிலநடுக்கம் ஆழிப்பேரலையாகி நம் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு என ஊருக்கு ஊர் ஓலம். மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உயிர் தப்பிய மீனவ மக்கள் பரங்கிப்பேட்டையை நோக்கி வந்தபோது, அவ்வூர் முஸ்லிம் ஜமாஅத் அவர்களை எதிர்கொண்டு ஏற்றது. ஒரு திருமண விருந்துக்கெனச் சமைத்திருந்த உணவு அவர்களுக்கே வழங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு உணவும் தங்குமிடமும் கிடைத்தன. வந்தவர்கள் பெரும்பாலும் இந்து மீனவர்கள், பரிமாறியவர்கள் முஸ்லிம்கள். ஜஅஃபரின் வீட்டுக்கு உணவு அனுப்பச் சொன்ன நபியின் உம்மத்தினர், அக்கட்டளையின் பொருளை அன்று செயலில் காட்டினர்.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கை, கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் எனக் குறிப்பிட்டது. ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அங்கே அலை உயர்ந்து எழவில்லை. பெண்களோ மீன் வாங்கி விற்பதற்காகக் கரையில் காத்திருந்தனர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் இயலாது தவித்தனர். கரை திரும்பிய பல ஆண்களுக்கு, அடுப்பு மூட்டும் கையே இல்லாத வீடுதான் எஞ்சியிருந்தது. அவ்வீடுகளுக்கு மூன்று நாள் சோறு போதுமா?

போதாது. தாயற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? சமையற்கட்டின் பாரம் மூத்த பெண் குழந்தையின் தலையில் விழாமல் காப்பது யார்? ஆதரவற்ற குழந்தைகளுக்கு அரசு இல்லங்களைத் திறந்தது. கருத்தடை செய்துகொண்டு, பின்னர் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் மீண்டும் கருவுறுவதற்கான அறுவை சிகிச்சைக்கும் உதவியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம், துயருற்றோரின் சொல்லைப் பொறுமையாகக் கேட்பதற்குத் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. இவை அனைத்தும் தேவையானவையே. எனினும், ஆறாம் மாதத்தில் ஒரு மாலை நேரத்தில் வந்து திண்ணையில் அமர்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசும் அண்டை வீட்டாரின் பணியை எந்த அரசாணையாலும் செய்ய இயலாது.

அதன் பின்னரும் நம் மாவட்டம் சோதனைகளைக் கண்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. பாட்டன் நட்ட மரத்தை இழந்ததும் ஒரு துக்கமே. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, பெற்றோரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணவும் இயலாமல் பலர் தவித்தனர். அந்நாளில் ஆறுதல் கூற வரவேண்டியவர்கள் வர இயலவில்லை. அவ்வீடுகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் நிற்கிறது. அது காலாவதியாகி விடவில்லை.

சகோதரர்களே! நாம் செய்யத்தக்கவை மிக எளியவை. துக்க வீட்டுக்குச் செல்லும்போது உணவு கொண்டு செல்வோம். வந்தோர்க்கெல்லாம் விருந்தளிக்கும் சுமையையும், அதற்காக வாங்கும் கடனையும் அக்குடும்பத்தின் மீது ஏற்றாதிருப்போம். பிள்ளையை இழந்தவரிடம் "இன்னொன்று பிறக்கும்" என்று சொல்லாதிருப்போம். அழுபவரை அழ விடுவோம். தம் மகனார் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களின் கண்களும் நீர் சொரிந்தன. ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் உள்ள விதவையர், யதீம்கள் ஆகியோரின் விவரத்தைக் குறித்து வைத்து, பைத்துல்மால் நிதியிலிருந்து கல்விக் கட்டணத்தையும் மாதாந்திரத் தேவையையும் ஓராண்டேனும் ஏற்கட்டும். பக்கத்துத் தெருவில் துக்கம் நேர்ந்தால், இறந்தவர் எச்சமயத்தவர் என்று கேட்பதற்கு முன் நம் வீட்டு உலையில் ஒரு படி அரிசி கூடுதலாகப் போடுவோம்.

துயருற்ற இல்லங்களில் மீண்டும் அடுப்பு எரியும் வரை உடனிருக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.