கண்மாய் இருந்த இடம்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'கார்த்' என்றால் தேசங்களின் படம். மதுரையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபின் பார்த்தவை கிராம வரைபடங்கள். கண்மாய்க்கும் அதில் சர்வே எண் உண்டு. 66 அடியும் 100 லிங்க்கும் கொண்ட சங்கிலியால் அளந்த காலத்தவை அவை.

இப்போது பேரன் கணினியில் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் வைத்திருக்கிறான். 2002இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் தொடங்கியது. காசு கிடையாது, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். அதற்கு மூத்தது கிராஸ், 1982இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஆய்வகத்தில் ஆரம்பித்தது.

எங்கள் பகுதியின் பழைய வரைபட நகலை அதில் ஏற்றினான். இடம் மாறாத கோயில், மடை, முச்சந்திக் கல் இவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தினான். கண்மாய்க் கரையின் கோடு தெருக்களுக்கு நடுவே ஓடிற்று.

"தாத்தா, நம்ம வீடு கரைக்கு உள்ளே இருக்கு!"

பத்திரம், பட்டா எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஐப்பசி தோறும் வாசலில் தண்ணீர் நிற்கிறதே என்று ஊரையெல்லாம் திட்டியிருக்கிறேன். தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. அந்த வரைபடத்தைப் பலமுறை கையில் எடுத்தும் இதைப் பார்க்காதவன் நான்.

உங்கள் சர்வே எண்ணையும் ஒருமுறை பழைய படத்தில் பார்த்துவிடுங்கள்.