காட்பாடியில் இறங்கினால்தான் வேலூர்!

போன மாதம் சென்னையில் இருந்து கல்லூரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு வயதான தம்பதி. பெரியவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே ஸ்கேன் படங்கள். அந்த அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அரக்கோணம் தாண்டியதில் இருந்து பெரியவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து ஜன்னல் வழியாகப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதும், உட்காருவதுமாக இருந்தார். காட்பாடி வந்தது. பாதிக் கூட்டம் இறங்கியது. அவர் பலகையைப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்!

எனக்குச் சட்டென்று புரிந்தது. "வேலூரா?" என்றேன். "பேலோர், பேலோர்" என்று தலையாட்டினார். "இதுதான், இறங்குங்க!" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. நான் ஒரு பையைத் தூக்க, எதிர்ப்பக்கம் இருந்த அண்ணன் ஒருவர் அந்த அம்மாவைப் பிடித்துக்கொள்ள, வண்டி நகர்வதற்குள் மூன்று பேரும் பிளாட்பாரத்தில் நின்றோம். அவர்கள் வங்காளதேசத்தில் இருந்து வந்தவர்கள். கல்கத்தாவில் ரயில் ஏறி, சென்னையில் மாறி, இவ்வளவு தூரம் தப்பாமல் வந்துவிட்டார்கள். கடைசி எட்டுக் கிலோமீட்டரில் தவறவிட்டிருப்பார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வேலூர் போகிறவர் "வேலூர்" என்ற பலகையைத்தானே தேடுவார்?

அன்று இரவு எனக்கு ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய ஊருக்கு, உலகமே தேடி வருகிற ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு, மெயின் லைனில் அதன் பெயரில் ஏன் ஒரு ஸ்டேஷன் இல்லை? தேடிப் படிக்கப் போனால் அது 1856-க்குப் போய் நின்றது. புதிய நாட்டுக்கு வந்த அந்நியர்களை இந்த ரயில் பாதை எப்படி ஏற்றி இறக்கியது என்ற கதையாகவும் அது ஆகிவிட்டது. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாக வாருங்கள்.

முதல் ரயில் ஏன் ஆற்காட்டுக்கு?

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரிபந்தரில் இருந்து தாணாவுக்கு ஓடியது என்பது எல்லாருக்கும் தெரியும். தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கே போனது தெரியுமா? நம்ம ஊர்ப் பக்கம்தான். 1853 ஜூன் மாதம் ராயபுரத்தில் வேலை தொடங்கியது. மூன்று வருடம் கழித்து, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து "ஆற்காடு" வரை, சுமார் 100 கி.மீ. தூரத்துக்குப் பாதை திறந்தது. ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு. அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. தென்னிந்தியாவின் மிகப் பழைய ரயில் நிலையம் அதுதான்.

சரி, ஏன் ஆற்காடு? இதற்கு ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். செய்தி ஆற்காட்டுப் படைமுகாமுக்குப் போனது. அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு சுமார் 25 கி.மீ. விரைந்து வந்து புரட்சியை நசுக்கினார். குதிரை சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதுதான் அன்று ஆங்கிலேயரைக் காப்பாற்றியது. ஆற்காடு, வேலூர், அதைத் தாண்டி பெங்களூர் எல்லாமே படை இருந்த ஊர்கள். ரயில் வேண்டும் என்று டல்ஹவுசி 1853-ல் எழுதிய குறிப்பிலும் வாணிபத்தோடு சேர்த்துப் படைகளை வேகமாக நகர்த்துவதைத்தான் பெரிய லாபமாகக் காட்டியிருந்தார். ஆக, பாதையின் திசை முடிவானதில் ஊர் மக்களின் வசதிக்குப் பெரிய பங்கு இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

ஆற்காடு என்ற பெயரில் ஆற்காடு இல்லை

மேலே "ஆற்காடு" என்று மேற்கோள் குறிக்குள் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஸ்டேஷன் ஆற்காட்டில் இல்லை. அதுதான் இன்றைய வாலாஜா ரோடு! ஆற்காடு பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது, ரயில் வடகரையோடு போகிறது. வேலூருக்கும் இதே கதைதான். வேலூர் தென்கரை, காட்பாடி வடகரை. இரண்டு பெரிய ஊர்களுக்காகவும் ரயில் ஆற்றைத் தாண்டவில்லை. மேற்கே போக வேண்டிய பாதைக்கு, நடுவில் இரண்டு முறை பாலம் கட்டி ஊருக்குள் போய் வருவது வீண் செலவாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதில் இன்னொரு விஷயம், "ரோடு" என்ற சொல். அந்தக் காலத்து ரயில்வே அகராதியில் "ரோடு" என்றால் "இந்த ஊருக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது" என்று அர்த்தம். ஊரே இங்கே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலையைத் தேடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கி.மீ.!

இங்கே ஒரு சின்னத் துப்பறியும் வேலையும் செய்தேன். முதல் நாள் ரயிலில் ஆளுநரும் 300 ஐரோப்பியர்களும் "ஆம்பூர்" வரை போனார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அன்று தண்டவாளம் வாலாஜா ரோட்டோடு முடிந்துவிட்டது. ஆம்பூர் அங்கிருந்து இன்னும் சுமார் 75 கி.மீ. மேற்கே இருக்கிறது. தண்டவாளம் இல்லாமல் ரயில் எப்படிப் போயிருக்கும்? வரைபடத்தைப் பார்த்தால், வாலாஜா ரோட்டுக்குப் பக்கத்திலேயே அம்மூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அம்மூர் எப்போதோ ஆம்பூராக மாறிப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதுகிறவர்களையே குழப்புகிற ஊர்ப் பெயர்கள், கப்பலில் இருந்து இறங்கிய புது ஆளை என்ன பாடு படுத்தியிருக்கும்!

புதிதாக வந்தவர் எப்படிச் சமாளித்தார்?

ரயிலுக்கு முன்னால் சென்னையில் இருந்து உள்ளே போக வேண்டிய வெள்ளைக்காரருக்கு இருந்த வழிகள் பல்லக்கு, குதிரை, மாட்டு வண்டி. பல்லக்கு என்றால் மாற்றி மாற்றிச் சுமக்க ஒரு டஜன் ஆட்கள், இரவில் தீவட்டி பிடிக்க ஒருவர், வழியில் தங்க முசாபரி பங்களா. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். பேசுவதற்கு ஒரு துபாஷி வேண்டும். ஆனாலும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. சுமக்கிறவர்களுக்கு வழி தெரியும்!

ரயில் வந்ததும் வேகம் கூடியது, ஆனால் வழி கேட்கும் வேலை பயணியின் தலையில் விழுந்தது. அதற்காகவே புத்தகங்கள் வந்தன. லண்டனில் ஜான் மர்ரி பதிப்பகம் 1859-லேயே ஈஸ்ட்விக் எழுதிய இந்தியக் கையேட்டை வெளியிட்டது. அதில் முதல் பகுதியே சென்னை மாகாணம்தான். பாதை திறந்து மூன்றே வருடத்தில்!

நேரம் இன்னொரு தலைவலி. அப்போது ஒவ்வொரு பெரிய ஊருக்கும் தனித்தனி நேரம். கல்கத்தா கடிகாரம் சென்னையைவிட சுமார் 33 நிமிடம் முந்தி இருக்கும், பம்பாய்க் கடிகாரம் சுமார் 30 நிமிடம் பிந்தி இருக்கும். ரயில்கள் எந்த நேரத்தில் ஓடும்? பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்த சென்னை நேரத்தையே ரயில்வேக்கள் வைத்துக்கொண்டன. நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தில் கணித்த நேரம் பம்பாய் ஸ்டேஷனிலும் நடந்தது! ஊர்க் கடிகாரத்தை நம்பிப் போனவர் வண்டியை விடுவார். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒன்று வந்த பிறகுதான் இந்தக் குழப்பம் குறைந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஐரோப்பியர் பெரும்பாலும் மேல் வகுப்பில் போனார்கள். அவர்களுக்குத் தனி ஓய்வறை, தனி சாப்பாட்டு அறை. படுக்கைச் சுருளைத் தூக்க ஆள், கூடவே ஒரு பட்லர். மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துப் போனவர்கள் நம் ஆட்கள், சொந்த நாட்டிலேயே அந்நியர் மாதிரி. 1915-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்து திரும்பிய காந்தி இந்தியாவைத் தெரிந்துகொள்ள மூன்றாம் வகுப்பைத்தான் தேர்ந்தெடுத்தார். அதன் அவலத்தைப் பற்றி 1917-ல் தனியாகவே எழுதினார். 1893-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்து இறக்கிவிடப்பட்டவர் அவர். புது நாட்டில் ரயில் ஏறுவது வெள்ளைக்காரருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு வேறு மாதிரி என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

தோல் ஏறிய வண்டி

பாதை மேற்கே நீண்டு, 1860களின் தொடக்கத்தில் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் தாண்டிப் போய்விட்டது. 1862-க்குள் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை ரயில். 1864-ல் ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குக் கிளை. படைக்காகப் போட்ட பாதையில் இப்போது வேறொரு சரக்கு ஏறியது: தோல்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட இந்தப் பக்கத்துத் தோல் லண்டன் சந்தையில் "கிழக்கிந்தியத் தோல்" என்றே பெயர் வாங்கியது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். சென்னையில் தோல் மண்டிகள் குவிந்த இடம் பெரியமேடு. 1873-ல் திறந்த சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம்! 1903-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். பிறகு அந்த முறை பரவியதும், அதன் கழிவு பாலாற்றைப் பாழாக்கியதும் இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

யார் அந்நியர்?

இந்தப் பாதையோரம் ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9-ல் ஓர் அமெரிக்க மிஷனரி மருத்துவர் வீட்டில் ஒரு பெண் பிறந்தார். ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் வேலூர் திரும்பி ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960-ல் கொடைக்கானலில் காலமானார். பாஸ்போர்ட் கணக்கில் வெளிநாட்டவர், பிறந்த கணக்கில் நம்ம ராணிப்பேட்டைக்காரர்!

அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இந்தப் பாதையின் பயணிகளையே மாற்றியது. முன்பு கம்பெனி அதிகாரியும் மிஷனரியும் இறங்கிய காட்பாடியில், பிறகு வங்காளம், பீகார், அஸ்ஸாம், வங்காளதேசம் என்று நோயாளிகள் வந்து இறங்கினார்கள். வேலூர் ஆஸ்பத்திரித் தெருக்களில் வங்காள மொழிப் பலகைகளும், மீன் குழம்புச் சாப்பாடும் வந்தது அதனால்தான். இவர்களிடம் ஈஸ்ட்விக்கின் கையேடும் இல்லை, துபாஷியும் இல்லை. ஏற்கெனவே வந்துபோன பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியனுப்பிய நாலு வார்த்தைதான் வழிகாட்டி.

வேலூருக்குப் பெயர் சொல்லும் ஸ்டேஷன்கள் இருக்கத்தான் இருக்கின்றன: வேலூர் கன்டோன்மென்ட், வேலூர் டவுன். ஆனால் அவை காட்பாடியில் இருந்து விழுப்புரம் போகும் கிளைப் பாதையில் இருக்கின்றன. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜில் போட்ட பாதை அது. மெயின் லைனோ சென்னை ரயில்வே கம்பெனியின் அகலப் பாதை. இரண்டு கம்பெனி, இரண்டு அகலம். அதனால் தூரத்தில் இருந்து வந்தவர் காட்பாடியில் இறங்கித்தான் ஆக வேண்டும். 1951-ல் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. பிறகு கிளையும் அகலப் பாதையானது. ஆனால் பெரிய வண்டிகள் இன்றும் காட்பாடி வழியாகத்தான் போகின்றன. 2022 நவம்பரில் வந்த தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத்தும் அங்கேதான் நிற்கிறது.

ஆக, அந்தப் பெரியவர் ஏமாந்ததற்குக் காரணம் 1850களில் யாரோ எடுத்த ஒரு முடிவு. பாதை போட்டவர்களுக்குப் படை போய்ச் சேர்ந்தால் போதும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரைத் தேடி, மொழி தெரியாத ஒருவர் நோயாளி மனைவியோடு வருவார் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அன்று ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பேசி ஏற்றிவிட்டேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் பத்து, பதினைந்து நிமிடம்தான் என்று சைகையிலேயே சொன்னேன். பெரியவர் என் தலையில் கை வைத்து என்னவோ சொன்னார். மொழி புரியவில்லை. அர்த்தம் புரிந்தது.

அடுத்த தடவை இந்தப் பக்கம் ரயிலில் வரும்போது, ஸ்கேன் உறையோடு யாராவது பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், காட்பாடிக்கு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இதுதான் வேலூர்.