இலங்கையின் அடிமை ஒழிப்பும் அமெரிக்க உள்நாட்டுப் போரும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கற்பிட்டியிற் பிறந்தார். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்த சட்டமும் அதே மாதத்திலேயே நிறைவேறியது. 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் மறைந்தார். ஐக்கிய அமெரிக்க மக்கள் ஆபிரகாம் லிங்கனைத் தம் சனாதிபதியாகத் தெரிந்தெடுத்ததும் அந்த நவம்பரிலேயே. இப்பொருத்தங்கள் தற்செயலானவையே; இவற்றிற்கு மேலதிகப் பொருள் தேடுதல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று. ஆயினும் ஒருவரது ஐம்பத்து மூன்றாண்டு வாழ்நாளுக்குள் அடிமைப் பிரச்சினை இரு நாடுகளில் எத்துணை வேறுபட்ட முடிவுகளை நோக்கிச் சென்றது என்பதை மனங்கொள்ள அவை உதவுகின்றன. இலங்கையில் அம்முறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு ஒரு வேட்டொலியுமின்றி ஒழிந்தது. அமெரிக்காவிலோ ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டபின்னரே ஒழிந்தது.

‘தமிழ் புளூட்டாக்’ ஆசிரியராக மாத்திரம் காசிச்செட்டியை அறிந்தோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1844இல் மேற்படி சட்டம் நிறைவேறிய வேளையில் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக வீற்றிருந்தவர் அவரே. அவர் பிறந்த புத்தளக் கரையோரமும் இவ்விடயத்தில் ஒதுக்கத்தக்க நிலப்பகுதியன்று. வடக்கே மன்னார் வழியாக யாழ்ப்பாணம், கிழக்கே கண்டியரசின் ஏழு கோறளை, தெற்கே கொழும்பு என மூன்று உலகங்கள் அங்கு வந்து முட்டின. இம்மூன்றிலும் அடிமை இருந்தான். ஆனால் மூன்றிலும் அவன் ஒரே வகையான அடிமையல்லன்.

கொழும்பில் இருந்தவன் பெரும்பாலும் கடல்கடந்து கொணரப்பட்டவன். ஒல்லாந்தக் கொம்பனியார் தென்னிந்தியாவின் பஞ்சப் பிரதேசங்களிலிருந்தும், கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், ஆபிரிக்காவிலிருந்தும் மனிதரை விலைக்கு வாங்கினர். அவர்களைத் தங்கவைத்த இடத்தை ஆங்கிலேயர் ‘அடிமைத் தீவு’ என்று அழைத்தனர். தமிழர் அதனைக் கொம்பனித்தெரு என்றனர். அடிமையின் பெயர் ஆங்கிலத்தில் நிற்க, எசமானின் பெயரே தமிழில் நின்றுவிட்டமை சிந்திக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து அடிமை வேறு வகையினன். அவன் சாதியாற் பிணிக்கப்பட்டவன். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கிய தேசவழமை கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகளெனக் குறித்து, அவர்தம் கடமைகளையும், உடைமையாளரிடையே அவர்கள் பங்கிடப்படும் முறையையும் விதித்தது. காணியைப் போலவே ஆளும் முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறலாம் என்பது அதன் கருத்து. கண்டி நாட்டிலும் பிரதானிகளின் வளவுகளில் வீட்டடிமைகள் இருந்தனர்.

புத்தளக் கரையிற் கறுப்பு ஆபிரிக்கரின் வருகை ஐரோப்பியரோடு தொடங்கியதெனக் கருதுவோர் உளர். அது முற்றும் பொருந்தாது. 1344இல் இத்தீவுக்கு வந்த இபின் பதூதா, பத்தாலா எனத் தாம் குறிப்பிடும் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடியவர். அவரே கொழும்பிலிருந்த கடற்றலைவன் ஒருவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் என்றும் எழுதியுள்ளார். பின்னர் போர்த்துக்கேயர் தம் படைகளிற் காப்பிலிகளைக் கொணர்ந்தனர். 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை அங்கு கோட்டை கட்டினர். கண்டியரசனின் வெளிநாட்டு வாணிகத்தைப் புத்தளக் களப்பின் வாயிலிலேயே நெரிப்பது அதன் நோக்கம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. 1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

ஆங்கிலேயரின் தொடக்ககாலச் செயல்களில் ஒன்று முரண்பாட்டின் உருவமாகவே விளங்குகின்றது. இலண்டனில் அடிமை வணிகத்தை நிறுத்தவேண்டுமென வில்பர்போசும் அவர்தம் நண்பர்களும் வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த்தின் அரசாங்கம் கண்டிக்கு எதிரான போருக்கு ஆளின்றித் தவித்தது; ஆகவே கோவாவிலும் மொசாம்பிக்கிலும் போர்த்துக்கேயரிடமிருந்து ஆபிரிக்கரை விலைகொடுத்து வாங்கிச் சீருடை அணிவித்தது. விலைக்கு வாங்கப்பட்டவன் முடியரசின் போர்வீரன் ஆனான். இவ்வாறு உருவான படைப்பிரிவுகளின் வழிவந்தோரே இன்று புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வமிசத்தினர்.

இலங்கையின் ஒழிப்பு வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர் பலரும் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனையே கதாநாயகராக்குவர். அவருக்குரிய பெருமையை மறுத்தல் தகாது. 1811இல் யூரி முறையை இங்கு புகுத்திய அவர், யூரர் பட்டியலில் இடம்பெற்ற அடிமை உடைமையாளரை நோக்கி, பிரித்தானியரின் உரிமையை அனுபவிப்போர் பிறரை அடிமைகொள்ளல் பொருந்துமோ என்னும் வகையில் வாதாடினார். அதன் விளைவாகப் பறங்கியரும் ஏனைய உடைமையாளரும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் ஆவர். 14 வயது வரை எசமானின் வீட்டிலேயே உண்டு உடுத்து வளர்வர். அந்நாள் இளவரசப் பதிலாளியின் பிறந்தநாள். ஒழிப்பு ஒரு பிறந்தநாட் பரிசாக வழங்கப்பட்டமை அதன் இயல்பை நன்கு விளக்குகின்றது. அன்று உயிரோடிருந்த ஓர் அடிமையேனும் அதனால் விடுதலை பெறவில்லை.

தேசாதிபதி பிறவுண்றிக்கின் காலத்தில் 1818ஆம் ஆண்டுப் பிரமாணம் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதிவுசெய்யுமாறு பணித்தது. பலருக்குக் கூட்டாக உரிய அடிமைகள் என்னும் நிலையை நீக்கியது. மதிப்பிட்ட விலையைச் செலுத்தித் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளவும் அடிமைக்கு இடமளித்தது. இதனைத் தொடர்ந்துவந்த 1821ஆம் ஆண்டுப் பிரமாணமே கூர்ந்து நோக்கற்பாலது. அதன்படி அவ்வாண்டு முதல் பிறக்கும் அடிமைப் பெண்குழந்தைகளை அரசாங்கமே உடைமையாளரிடமிருந்து வாங்கி விடுவித்தது. கோவியப் பெண்குழந்தைக்கு 3 இறைசால். நளவ, பள்ளப் பெண்குழந்தைக்கு 2 இறைசால். தாயின் நிலையே பிள்ளைக்கும் ஆதலின், பெண் விடுதலை பெற்றால் ஒரு தலைமுறையில் அடிமை வமிசம் அற்றுப்போகும் என்பது கணக்கு. கணக்கு சரியானதே. ஆயின் விடுதலைப் பத்திரத்திலும் சாதிக்கேற்ப விலை கூறப்பட்டது என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அன்று யாழ்ப்பாணத்தில் அடிமைகள் எனக் கணிக்கப்பட்டோர் ஏறக்குறைய 15,000 பேர்.

இங்கு இவ்வாறு இறைசாற் கணக்கில் விடயம் நகர்ந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவில் அது அரசியல் வாழ்வையே பிளந்துகொண்டிருந்தது. ஏன்? அமெரிக்க எசமானர் இலங்கை எசமானரினும் கொடியவர் என்பது போதிய விடையன்று. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க யாப்பு, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளை வழங்கியது. வாக்கில்லாத அடிமையின் தலை எசமானின் வாக்குப் பலமாயிற்று. ஆகவே ஒவ்வொரு புதிய மாநிலமும் ஒன்றியத்திற் சேரும்போது, அது அடிமை மாநிலமா, சுதந்திர மாநிலமா என்பது அறவினாவாக மட்டுமன்றி, மேற்சபையின் சமநிலை பற்றிய வினாவாகவும் எழுந்தது. 1820இல் மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்க்க இணங்கியபோது மெயினைச் சுதந்திர மாநிலமாகச் சேர்த்துத் தராசை நேராக்கினர். 1850இல் மீண்டும் ஓர் இணக்கம். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் கடமை அதனால் வடக்கின் மீதும் சுமத்தப்பட்டது. அதுவரை அடிமைமுறையைத் தொலைவிலுள்ள தீமையாகக் கருதிய வடக்கத்தியரின் தெருவுக்கே அது வந்துவிட்டது.

1854இல் கான்சாஸ், நெப்ராஸ்கா பிரதேசங்களின் குடியேறிகளே இதனைத் தீர்மானிக்கலாம் என்று விடப்பட்டதும் பழைய எல்லை அழிந்தது. கான்சாசில் இரு சாராரும் ஆயுதமேந்தி மோதினர். 1856இல் மேற்சபை மண்டபத்திலேயே அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய சாள்ஸ் சம்னரைத் தென்கரோலினா உறுப்பினர் பிறஸ்ரன் புறூக்ஸ் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். 1857இல் உச்ச நீதிமன்றம் திறெட் ஸ்கொற் வழக்கில், கறுப்பர் குடிமக்களாகார் என்றும், பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்றும் தீர்த்தது. இணக்கத்துக்கு எஞ்சியிருந்த இடமும் இதனால் மூடப்பட்டது. லிங்கன் உள்ள இடத்தில் அடிமைமுறையை ஒழிப்பதாகக் கூறவில்லை. புதிய பிரதேசங்களுக்குப் பரவவிடேன் என்றே கூறினார். அதுவே போதுமாயிற்று. 1860 டிசம்பரில் தென்கரோலினா பிரிந்தது. 1861 ஏப்பிரலில் சம்ரர் கோட்டையில் பீரங்கி முழங்கியது. சட்டசபையில் தீராத பிணக்கு எங்கு சென்று முடியும் என்பதை 1956க்குப் பிந்திய இலங்கை வரலாற்றைக் கற்றோர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இலங்கை எசமானருக்கோ பிணங்குவதற்கு ஒரு மன்றமே இருக்கவில்லை. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். உத்தியோகப் பற்றற்றோர் அறுவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். காசிச்செட்டியின் ஆசனமும் அத்தகையதே. அடிமையைக் கணக்கிட்டு எவரும் அங்கு ஓர் ஆசனமேனும் கூடுதலாகப் பெற்றதில்லை.

இதனினும் முக்கியமான காரணம் பொருளியல் சார்ந்தது. 1860இல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகளின் உழைப்பை நம்பியிருந்தது. இலங்கையிற் புதிதாக எழுந்த கோப்பித் தோட்டத்துரைமாருக்கு யாழ்ப்பாணத்து அடிமையோ, கண்டி வளவின் அடிமையோ தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது இடம்பெயரக்கூடிய, அறுவடை முடிந்ததும் அனுப்பிவிடக்கூடிய உழைப்பாளி. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் இத்தேவையோடு தொடர்புடையதே. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த கூலிகள் அவ்விடத்தை நிரப்பினர். முற்பணக் கடனும் துண்டு முறையும் அவர்களைக் கட்டின. துண்டு முறை 1921 வரை நீடித்தது. எனவே அடிமை ஒழிப்பினால் இங்கு ஆளும் பொருளாதாரத்துக்கு நட்டமில்லை. நட்டமில்லாத இடத்திற் போரும் இல்லை. 1833ஆம் ஆண்டின் பேரரசு அடிமை ஒழிப்புச் சட்டத்திலிருந்து இலங்கை விலக்கப்பட்டிருந்ததையும், எசமானருக்கு ஈடாக ஒதுக்கப்பட்ட இரண்டு கோடி பவுண் மேற்கிந்தியத் தீவுகள் போன்ற ஏனைய குடியேற்ற நாடுகளுக்கே சென்றதையும் இவ்விடத்திற் கருதவேண்டும். இங்கு 1837இல் மீண்டும் ஒரு பதிவு, பதிவுசெய்யப்படாதோர் விடுதலை. 1844இல் எஞ்சியது ஒரு சட்ட வசனமே.

இந்த அமைதியை நாகரிகத்தின் வெற்றியெனப் போற்றுவது எளிது. விடுதலை பெற்றவனின் நிலையிலிருந்து பார்ப்பின் அவ்வாறு போற்ற இயலாது. அவனுக்கு நிலமில்லை, குடியிருந்த வளவு எசமானுடையது, சட்டம் ‘அடிமை’ என்ற சொல்லை எடுத்துவிட்டது, ‘குடிமை’ என்ற சொல் அப்படியே இருந்தது. அமெரிக்காவிலும் போருக்குப் பின் கறுப்பர் வஞ்சிக்கப்பட்டனர். 1877க்குப் பின் தென்மாநிலங்கள் அவர்தம் வாக்குரிமையைப் படிப்படியாகப் பறித்தன. எனினும் போரின் முடிவில் யாப்பில் எழுதப்பட்ட மூன்று திருத்தங்கள் அங்கேயே இருந்தன. ஒரு நூற்றாண்டின் பின் எழுந்த குடியுரிமை இயக்கம் அவற்றைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடிந்தது. யாழ்ப்பாணத்து நளவரும் பள்ளரும் சுட்டிக்காட்ட 1844ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றுமில்லை. அது அவர்களுக்கு எதையும் வாக்களித்திருக்கவில்லை. ஆலயத்திலும் தேநீர்க்கடையிலும் பாடசாலையிலும் தடுக்கப்படாதிருக்கும் உரிமையைச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேதான் எழுத்தில் தந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் அவர்கள் போராட நேர்ந்தது. தடுத்து நின்றோரும் தடுக்கப்பட்டோரும் தமிழரே. இதன் பொருட்டு ஒரு போர் நிகழ்ந்திருக்க வேண்டுமென எவரும் வாதிடார். ஆனால் எவரோடும் வாதாடாமல், எவரையும் கேளாமல், எசமானின் வசதிக்கேற்பச் சிறுகச் சிறுக வழங்கப்பட்ட விடுதலையில், விடுவிக்கப்பட்டவன் ஒருபோதும் பேசவில்லை என்பதே இலங்கை ஒழிப்பின் பெருங்குறை.

ஆபிரிக்கப் போர்வீரரின் வரலாறும் இதே வழியிற் சென்றது. அவர்கள் சேர்ந்திருந்த இலங்கைத் துப்பாக்கிப் படை 1873இற் கலைக்கப்பட்டது. புத்தளத்தில் தங்கிவிட்டோர் உள்ளூரில் மணம்புரிந்து கத்தோலிக்கராகவே வாழ்ந்தனர். இன்று அவர்தம் வீட்டுமொழி சிங்களம். சிறாம்பியடியிற் கொண்டாட்ட நாட்களில் அவர்கள் இசைக்கும் மஞ்சாப் பாடல்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை. கொட்டாங்கச்சியும் கரண்டியும் போத்தலும் றபானும் தாளமிடப் பாட்டு மெதுவாகத் தொடங்கி விரைந்து முடிகின்றது. பாடுவோரிற் பெரும்பாலார்க்கு அச்சொற்களின் பொருள் தெரியாது. அடிகள் மட்டும் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.